கஸ்தூரி வெட்டு

கீதாஞ்சலி ஒரு பக்கம் போதும் என்றாள். எங்கள் உழவர் குழு இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறது. அதில் ஒவ்வொரு பெண் விவசாயியைப் பற்றியும் அவர்கள் வீட்டு ஆள் ஒருவர் எழுத வேண்டுமாம். பொன்னியைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லையாம். "நீதாம்மா சித்தி கூடவே இருந்த ஆளு" என்று நோட்டையும் பேனாவையும் என் மடியில் போட்டுவிட்டு என் மகள் போய்விட்டாள். கூடவே இருந்தேன், உண்மைதான். இருபத்தாறு வருஷமாக வயிறு எரிந்துகொண்டே கூட இருந்தேன். எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது, மலரில் போடுகிற மாதிரியும் இருக்காது.

பொன்னி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் வேடியப்பன் மூத்தவர், அவள் வீட்டுக்காரர் முருகையன் இளையவர். நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து பீரோ, கட்டில், தையல் மிஷின் என்று ஒரு வேன் நிறையச் சீரோடு வந்தவள். எனக்கு மூன்று வருஷம் கழித்து அவள் செங்கத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்து ஊரிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு துணிப்பையுமாக வந்து இறங்கினாள். அந்தப் பையில் என்ன இருந்தது என்று மறுநாள் காலைதான் தெரிந்தது. பாயசத்துக்கு முந்திரி தீர்ந்துபோயிருந்தது. அவள் பைக்குள் கைவிட்டு துவரம்பருப்பு அளவில் ஏதோ ஒரு பருப்பை அள்ளி நெய்யில் வறுத்துப் போட்டாள். மாமனார் இன்னொரு டம்ளர் கேட்டார். மூன்று வருஷமாக நான் வைத்த பாயசத்துக்கு அவர் ஒரு தரம்கூட இரண்டாவது டம்ளர் கேட்டதில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு.

அது சாரப்பருப்பு. சாரை என்று எங்கள் பக்கத்துக் கல்குன்றுக் கரடுகளில் தானாக முளைக்கிற செடி. சித்திரையில் கறுப்பாகச் சின்னச் சின்னப் பழம் பழுக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் பறித்துத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பிவிட்டுப் போவார்கள். அந்தக் கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்பு. பாதாமும் முந்திரியும் கலந்த மாதிரி ஒரு ருசி. டவுனில் ஸ்வீட் கடைக்காரர்கள் அல்வா மேல் தூவுவதற்கு அதை வடநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். நம் கரட்டிலேயே கிடக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பொன்னிக்குத் தெரிந்திருந்தது.

மாமனார் போன பிறகு பாகம் பிரித்தோம். எங்கள் வீட்டு வழக்கம், மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் ஓரவஞ்சனை செய்யாமலிருக்க வைத்த வழக்கம். என் வீட்டுக்காரர் கிணற்றோடு சேர்ந்த இரண்டு ஏக்கரை ஒரு பாகமாகவும், கரட்டை ஒட்டிய ஐந்து ஏக்கர் கல்லாங்காட்டை இன்னொரு பாகமாகவும் வைத்தார். நான் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன். பொன்னி கிணற்றைத்தான் எடுப்பாள், நான் கல்லைப் பொறுக்கிக்கொண்டு நிற்பேன் என்று அவரோடு சண்டை போட்டேன்.

முருகையன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். "கல்லாங்காடு எங்களுக்கு இருக்கட்டும், மாமா" என்றாள் பொன்னி.

கேட்காமலே கிணறு என் மடியில் விழுந்தது. வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்குச் சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பாள். எனக்கோ, இவள் அங்கே எதையோ பார்த்து வைத்திருக்கிறாள், நாம் ஏமாந்துவிட்டோம் என்றுதான் பட்டது. என் புத்தி அப்படி.

பார்த்துத்தான் வைத்திருந்தாள். அந்தக் காட்டில் பதினோரு சாரை நின்றது. அவள் ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் துணி கட்டினாள். மூன்று சித்திரை பார்த்தாள். எது வருஷம் தவறாமல் காய்க்கிறது, எதன் கொட்டை லேசாகத் தட்டினாலே உடைகிறது, எதன் பருப்பு சொத்தையில்லாமல் நிறைந்திருக்கிறது என்று வாயில் போட்டுப் போட்டுப் பார்த்தாள். பழைய நோட்டு ஒன்றில் எழுதினாள். கடைசியில் பத்துத் துணியை அவிழ்த்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டாள். பச்சைத் துணி. அந்தச் செடி நின்றது இரண்டு நிலத்துக்கும் நடு வரப்பின் மேல். சர்வே கல்லைப் பார்த்தால் எங்கள் பக்கம் ஒரு முழம்.

"மாமா, அந்தச் செடிய மட்டும் வெட்டாம உட்டு வைங்க" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாள். "அது பாட்டுக்கு நிக்கட்டும்மா" என்றார் அவர். என்னைக் கேட்கவில்லை.

பச்சைத் துணியின் கொட்டையை மட்டும் எடுத்து அவள் நாற்று விட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்து ஒரு படி பழம் பறித்து வந்தேன். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மல்லாட்டை விதைக்குச் செய்கிற மாதிரியே கொட்டையை மூன்று வெயில் நன்றாகக் காயவைத்து, சாம்பல் தூவி, பானையில் கட்டி வைத்து, ஆடிப்பட்டத்தில் ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. சாரைக் கொட்டை வெயிலில் காய்ந்தால் செத்துப்போகும். பழுத்த வாரத்திலேயே சதையைக் கழுவி, ஓட்டைப் பருப்பில் படாமல் லேசாக விரிசல் விடும்படி ஒவ்வொன்றாகத் தட்டி, நிழலிலேயே ஊன்ற வேண்டும். இருபது வருஷ மல்லாட்டைக்காரி எனக்கு இதைப் போய் அவளிடம் கேட்க நாக்கு எழவில்லை. ஏதோ மந்திரம் போட்டுவிட்டாள் என்று ஊரில் நாலு பேரிடம் சொன்னேன்.

ஐந்து ஏக்கரிலும் நட்டாள். இரண்டு கோடை குடத்தில் தண்ணீர் சுமந்தாள், அப்புறம் மழை பார்த்துக்கொண்டது. என் நிலத்தில் கிணறு வற்றியது, போர் போட்டோம், அது வற்றியது, இன்னொன்று போட்டோம். மல்லாட்டை பூக்கிற நேரத்தில் கம்பளிப்புழு வந்தது, பிடுங்குகிற நேரத்தில் காட்டுப்பன்றி வந்தது. பன்றிக்குக்கூட என் நிலத்துக்குத்தான் வழி தெரிந்திருந்தது. அவள் செடிகள் உரமும் கேட்காமல் மருந்தும் கேட்காமல் கல்லுக்குள் வேரை விட்டுக்கொண்டு நின்றன. சாயங்காலம் நான் மோட்டார் ரூமில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொன்னிக்குப் பிள்ளை இல்லை. எல்லாவற்றிலும் அவள் முன்னால் போகப் போக, என்னிடம் கூடுதலாக இருந்தது இது ஒன்றுதான் என்று நான் உள்ளுக்குள் பிடித்து வைத்திருந்தேன். எதிர் வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டவள் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் பெற்றவள், ஆனாலும் குழவி என் கையில்தான் இருந்தது. ஏனென்றால் கீதாஞ்சலி பள்ளிக்கூடம் விட்டால் பையை என் வாசலில் எறிந்துவிட்டு நேரே சித்தி காட்டுக்குத்தான் ஓடுவாள். எந்தச் செடி எத்தனை குலை என்று எண்ணுவாள். பிளஸ் டூ முடித்ததும் வேளாண்மைதான் படிப்பேன் என்றாள். நான் நர்ஸ் படிப்புக்கு ஃபாரம் வாங்கி வைத்திருந்தேன்.

ஆனால் அந்தக் காடு பார்க்க அழகாக இருந்ததே தவிர, காய்ப்பு கைக்கு வரவில்லை. செடி என்று நட்டது பத்து வருஷத்தில் இருபது அடி மரமாகிவிட்டது. பழமெல்லாம் உச்சியில். ஏறினால் கிளை மளுக்கென்று முறிந்தது. துறட்டி போட்டால் பிஞ்சும் சேர்ந்து வந்தது. கிளி தின்றது போக, அணில் தின்றது போக, எறும்பு மொய்த்ததுதான் பொன்னிக்கு. மனை போடுகிறவர்கள் அதற்குள் எங்கள் ஊர் வரை வந்துவிட்டார்கள். கரட்டை ஒட்டிய இடம், மலை தெரிகிறது என்று முருகையனை மொய்த்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டி இடுப்பு போன மனுஷன் அவர்.

"இந்தச் சித்திரை காய்ப்ப பாத்துடலாம். அதுலயும் கம்மின்னா குடுத்துடுவோம், பொன்னி" என்று அவர் சொன்னதை நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். போகட்டும் என்றுதான் நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதச் சொன்னால் இதையும்தானே எழுத வேண்டும்.

ஐந்து வருஷம் முன்னால் பங்குனி மாதம் அது. எப்படியோ கேள்விப்பட்டு ஒரு பத்திரிகைக்காரர் வந்து பொன்னியைப் படம் பிடித்துப் போனார். வேளாண் காலேஜ் முதல் வருஷத்திலிருந்த கீதாஞ்சலி லீவுக்கு வந்திருந்தாள். அவளும் பக்கத்தில் நின்றாள், கையில் நாற்றோடு. மறுவாரம் டவுனிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் பேப்பரை என்னிடம் கொடுத்தார். படத்துக்குக் கீழே, 'தன் மகளுடன் பொன்னி' என்று போட்டிருந்தது.

எவனோ தெரியாமல் எழுதிவிட்டான் என்று எனக்கும் புரியாமலில்லை. ஆனால் ஊரே பார்க்கும். கீதாஞ்சலி அதைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாத்தாம்மா இருக்குது" என்று மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பொன்னி என்ன சொன்னாள் என்று கேட்டேன். "சித்தி ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தாங்க" என்றாள்.

மறுநாள் உச்சிவெயிலில் அரிவாளை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனேன். பச்சைத் துணிக்காரி குலை குலையாகப் பிஞ்சு விட்டிருந்தாள். முருகையன் பார்க்கலாம் என்று சொன்ன சித்திரைக்கு இன்னும் ஒரு மாதம். அடுத்த நாற்றுக்கெல்லாம் விதை இதுதான். எல்லாம் தெரிந்துதான் போனேன். என் முட்டி உயரத்தில் ஓங்கி ஓங்கி வெட்டினேன். சாய்ந்துவிட்டது. என் நிலம், என் செடி, எவள் கேட்பது என்று சத்தமாகவே சொன்னேன். கேட்க அங்கே ஆள் இல்லை.

அப்புறம் நான் செய்ததுதான் இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. முருங்கையை வெட்டினால் தண்ணீர் தேங்காமல் சாய்வாகச் சீவி, வெட்டுவாயில் சாணி அப்ப வேண்டும். பட்டையில் பூச்சி ஏறாது. பன்னிரண்டு வயசிலிருந்து கை பழகின வேலை. நான் அந்தச் சாரைக் கட்டையைச் சாய்வாகச் சீவினேன். பக்கத்தில் மாடு போட்டிருந்த சாணியை எடுத்து அப்பினேன். விரலால் ஓரத்தையெல்லாம் மெழுகினேன். கையைக் கழுவும்போதுதான் என்ன செய்தோம் என்றே தெரிந்தது. கொல்லப் போனவள் மருந்து போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

சாயங்காலம் பொன்னி வரப்புக்கு வந்தாள். நான் பதில்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். டிராக்டர் திரும்ப முடியவில்லை, நிழல் விழுந்து மல்லாட்டை படுத்துப்போகிறது, சர்வே கல் அந்தப் பக்கம் இருக்கிறது. அவள் எதையும் கேட்கவில்லை. விழுந்து கிடந்த மரத்தின் பிஞ்சுகளை உருவிப் பார்த்தாள். முற்றவில்லை. கட்டை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கிளையிலிருந்த பச்சைத் துணியை அவிழ்த்துக் கட்டையில் கட்டினாள்.

"சாய்வா வெட்டிருக்கீங்கக்கா" என்றாள். எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான்.

அவள் அழுதிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கீதாஞ்சலியிடம் டிராக்டர் கதையைச் சொன்னேன், நம்பினாள். அந்தச் சித்திரைக் காய்ப்பும் கம்மிதான். முருகையன் மனைக்காரர்களை வரச் சொன்னார். "வெட்டின கட்ட தழையுதா பாத்துட்டு சொல்றேன். அதுவரிக்கும் யாரும் வர வேணாம்" என்றாள் பொன்னி.

தழைத்தது. ஆடி மழைக்கு ஒன்பது கிளை விட்டது. தினமும் நான் மோட்டார் போடப் போகிற சாக்கில் எண்ணினேன், ஒன்றாவது பட்டுப்போகாதா என்று. இரண்டாம் சித்திரையில் ஒன்பது கிளையும் இடுப்பு உயரத்தில் காய்த்துத் தொங்கியது. ஆட்டுக்குட்டி நிற்கிற உயரத்தில் கறுகறுவென்று பழம். பொன்னி நின்றபடியே, முந்தானையை ஏந்தி, உருவி உருவிப் போட்டாள். ஒரு கிளை முறியவில்லை, ஒரு பிஞ்சு உதிரவில்லை.

அடுத்த பங்குனியில் அவள் காட்டிலிருந்து அரிவாள் சத்தம் கேட்டது. நன்றாக வளர்ந்த மரங்களைப் பாதிக்கு மேல் முட்டி உயரத்தில் வெட்டிக்கொண்டிருந்தாள். சாய்வாக. முருகையன் பின்னாலேயே சாணிக் கூடையோடு போய்க்கொண்டிருந்தார். பைத்தியம் பிடித்துவிட்டது என்றது ஊர். எனக்கு மட்டும் தெரியும் அது என்ன வெட்டு என்று.

இந்தச் சித்திரையில் அந்தக் காட்டில் பாதிக்கு மேல் இடுப்பு உயரப் புதர்தான். முருகையனே ஒரு கையில் போன் பேசிக்கொண்டு இன்னொரு கையால் பழம் உருவினார். மனைக்காரர்கள் பேச்சு நின்றுபோனது. டவுன் ஸ்வீட் கடைக்காரர் கண்ணாயிரம் வண்டி எடுத்துக்கொண்டு காட்டுக்கே வந்தார். சுற்று ஊர்களில் நாற்று கேட்டார்கள். கொடுத்தாள்.

ஆவணியில் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து மண்டபத்தில் விவசாயிகளுக்குப் பயிற்சி என்று கூப்பிட்டிருந்தார்கள். பொன்னி பேசுகிறாள். "நீ வரலன்னா சித்தி பேச மாட்டேங்குதும்மா" என்று கீதாஞ்சலி என்னைக் கிளப்பிக் கூட்டிப் போனாள். இருநூறு பேர் இருப்பார்கள். பொன்னி மைக்கைப் பிடித்து, விதை எடுக்கிறது, தட்டுகிறது, நிழலில் ஊன்றுகிறது எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்குத் தெரியாததை நான் அங்கேதான் முதல் முறையாக ஒழுங்காகக் கேட்டேன். கடைசியில் சொன்னாள்:

"மரத்த புதராக்குற வெட்டு நான் கண்டுபிடிச்சது இல்லீங்க. எங்க அக்கா கஸ்தூரி செஞ்சது. மொதல்ல அவங்கதான் வெட்டுனாங்க. நாங்க அத கஸ்தூரி வெட்டுன்னுதான் சொல்றோம்."

கை தட்டினார்கள். தோட்டக்கலை ஆபீசரம்மா என்னை எழுந்து நிற்கச் சொன்னார். யாரோ மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். "அம்மா, வெட்டணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார். கீதாஞ்சலி முன் வரிசையில் போனைத் தூக்கி என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்த முகத்தை அவள் சித்திக்கு மட்டும்தான் காட்டி நான் பார்த்திருக்கிறேன். டிராக்டர் கதை நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லி அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ள வாய் வரவில்லை.

"பொறாமைல வெட்டுனேங்க" என்றேன்.

மண்டபமே சிரித்தது. ஆபீசரம்மா சிரித்தார். கீதாஞ்சலி போன் ஆடும்படி சிரித்தாள். கிராமத்துப் பெண்கள் எவ்வளவு வேடிக்கையாகப் பேசுகிறார்கள் என்று பின்னால் ஒருவர் சொன்னார். மேடையில் பொன்னி மட்டும் சிரிக்கவில்லை. "எவ்ளோ உயரத்துல வெட்டுனீங்கம்மா?" என்று அடுத்த கேள்வி வந்தது. "முட்டி உயரம்." "எந்த மாசம்?" "பங்குனி." எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

கீதாஞ்சலி ஸ்கூட்டியில் முன்னால் போய்விட்டாள். நானும் பொன்னியும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, எங்கள் ஊர் வழியாகப் போகிற கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் சீட்டை எனக்கு விட்டாள். பஸ் பைபாஸ் தாண்டியது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன்."

கேட்கட்டும் என்று இருந்தேன். ஏன் வெட்டினாய் என்று கேட்டால் சொல்லிவிடுவது, பேப்பரிலிருந்து பாயசம் வரைக்கும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

"வெட்டுனது தெரியும்க்கா, ஏன்னும் தெரியும். சாணி எதுக்குப் பூசினீங்க?"

"கை பழக்கம்" என்றேன்.

"பழக்கமா" என்றாள். "அன்னிக்கு நானும் கொடுவாளோடதான் வந்தேன்க்கா. உங்க மல்லாட்டைய ஒரு சால் உடாம அறுத்துப் போட்டுடணும்னு வந்தேன். அப்பாலதான் அந்த சாணிய பாத்தேன். ஓரமெல்லாம் வெரல் வெச்சு மெழுகி இருந்துச்சு. இது சாவக் கூடாதுன்னு நெனச்ச கையின்னு தெரிஞ்சுது. அதான் வேலில சொருவி வெச்சிருந்த கொடுவாள தொடாம துணிய கட்டிட்டுப் போனேன்."

கண்டக்டர் வந்தார். மகளிருக்கான இலவச டிக்கெட் இரண்டு கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுததை அவள் பார்த்திருப்பாள், பார்க்காத மாதிரி இருந்தாள்.

அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஐம்பத்தொரு வயசு வரை என்னிடம் நல்லது என்று ஒன்று இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்ததில்லை. இருந்திருக்கிறது. விரல் நுனியில், சாணியோடு இருந்திருக்கிறது. அதையும் அவள்தான் எனக்கு முன்னால் பார்த்திருக்கிறாள்.

கீதாஞ்சலி, நீ சிரித்தாயே, நான் சொன்னது நிஜம். மலரில் போடுகிறதானால் முழுசாகப் போடு. 'தன் மகளுடன் பொன்னி' என்று பேப்பரில் வந்த அந்தப் பழைய படத்தையே போட்டுக்கொள். பக்கத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் விடு.